அடித்து எழுதுங்கள், மக்களே!

பேராசிரியப் பெருமக்களே, ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மக்களே!

பகுதி இரண்டு ஆங்கிலத்தில் பாஸாவது எப்படி என்று பேச நான் வரவில்லை. அந்த வித்தை உங்களுக்கே அத்துப்படி. ஒரு கைடு, தேர்வுக்கு முந்தின ராத்திரி, ஐந்தாறு கட்டுரை மனப்பாடம், முடிந்தது. நான் பேச வந்தது ஆங்கிலத்தில் எழுதுவதைப் பற்றி. அது வேறு சங்கதி.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன், முதலாண்டு. சொந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் நீட்டிவிட்டான். இயற்கை எழில், பசுமை, மக்கள் ஒற்றுமை. ஒரு பிழை கிடையாது. குலசேகரத்தை எடுத்துவிட்டுக் கும்பகோணத்தைப் போட்டாலும் பொருந்தும்!

“அப்பாவுக்கு என்ன வேலைடே?”

“பால் வெட்டு, சார்.”

பிறகு அவனாகவே பேசினான். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பா ரப்பர் தோட்டத்துக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. “இதைத் தமிழிலேயே குறித்துக்கொள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுது” என்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடித்தான், அம்புக்குறி போட்டான், கடைசியில் இருந்த மழையைத் தூக்கி முதல் வரியில் வைத்தான். ஏழெட்டு இலக்கணப் பிழை இருந்தது. இருக்கட்டும்! குலசேகரம் தாளில் வந்துவிட்டதே.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஃபிளவர், ஹேய்ஸ் என்ற இருவர், எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது மூன்றும் வரிசையாக வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் என்று 1981இல் எழுதினார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஆறு மாணவர்களை விவியன் ஸாமெல் கூர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை 1983இல் வந்தது. அதன்படி, நன்றாக எழுதுகிறவர் கருத்தையே கலைத்து அடுக்குகிறார். தடுமாறுகிறவரோ ஒரு சொல்லிலும் எழுத்துப்பிழையிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறார். நம் பிள்ளைகளை அந்த இரண்டாவது இடத்தில் நிறுத்தியது யார்? சிவப்பு மையை வைத்திருக்கும் நாம்தான். பிழையைச் சுழித்துவிட்டு மதிப்பெண் போடுகிறோமே தவிர, “மேற்கொண்டு சொல்” என்று ஓரத்தில் எழுதுகிறவர் எத்தனை பேர்? வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு எப்படி ஐயா என்பீர்கள். நியாயம்தான். பருவத்துக்கு ஒரே ஒரு கட்டுரையையாவது இரண்டு முறை எழுத வைக்கலாமே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா ஒரு வேலை செய்தார். போர்க்காலம் அது. அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கி வைத்திருந்ததை எடுத்து ஆராய்ந்தார். பாடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள், ஓரத்தில் சினிமா, காதல், அரசியல் எல்லாம் எழுதியிருந்தார்கள்! 1999இல் வந்த அவருடைய நூலில் அந்தக் கிறுக்கல்களுக்கும் இடம் உண்டு. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன், மக்களே. சிரிக்க வேண்டாம்; உங்கள் நல்ல எழுத்தில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

ஆங்கிலம் நமக்குக் கைவராது என்று நாஞ்சில் நாட்டில் நின்றுகொண்டு யாரும் சொல்லக் கூடாது. தேரூர்க் கவிமணி, ஆங்கிலக் கவிஞர் எட்வின் ஆர்னால்டைப் படித்து ‘ஆசிய ஜோதி’ தந்தார்; காந்தளூர்ச்சாலை ஆராய்ச்சியை ஆங்கிலத்திலேயே எழுதினார். வரலாற்றாசிரியர் கே.கே.பிள்ளையின் சுசீந்திரம் கோயில் நூல் 1953இல் வந்த ஆங்கில நூல். இருவரும் தங்கள் காலடி மண்ணைப் பற்றித்தான் ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். வருகிற சனிக்கிழமை மாலை இதே மண்டபத்துக்கு வாருங்கள். தாள் நாங்கள் தருகிறோம், பேனா உங்களுடையது. முதலில் தமிழில் குறிப்பு, அடுத்து ஆங்கிலம், பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு மறுபடி ஆங்கிலம். கைடோடு வருகிறவர்கள் அதை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்.