பெயர் வராத பிள்ளைகள்

(காலாண்டுத் தேர்வுக்குப் பின் நடைபெற்ற தலைமையாசிரியர்கள் கூட்டத்தில், காவிரிப் பாசனப் பகுதி அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியின் முதல் பருவச் செயல்பாடுகளையும் சாதனைகளையும் பகிர்ந்துகொள்ளுமாறு பணித்திருக்கிறீர்கள். சாதனைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு அதிக நேரம் ஆகாது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் எங்கள் மாணவியர் கோ-கோ அணி முதலிடம் பெற்றது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சதுரங்கத்தில் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறான். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளையும் ஜூலை 18 தமிழ்நாடு நாளையும் மாணவர்களே பொறுப்பேற்று நடத்தினார்கள். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், வானவில் மன்றம் ஆகியவை தடையின்றி நடந்தன. கலைத் திருவிழாவுக்கான ஒத்திகையும் தொடங்கிவிட்டது.

இந்தப் பட்டியல் எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இதில் இடம்பெறும் பெயர்களைப் பாருங்கள். பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவி. வினாடி வினாவுக்கும் அவரே. விருந்தினரை வரவேற்கவும் அவரே. நன்றாகச் செய்கிற பிள்ளையை அனுப்பினால் பரிசு வரும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு பள்ளியின் பருவம் ஆறேழு பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. மற்றவர்களுக்கு இந்த மூன்றரை மாதத்தில் என்ன நடந்தது என்பதை அறிக்கை சொல்ல வேண்டுமல்லவா?

அதற்காக ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புக்கு ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினோம். இடப்பக்கம் வருகைப் பதிவேட்டு வரிசையில் எல்லா மாணவர் பெயரும் இருக்கும். மேலே நான்கு தலைப்புகள்: பேசினார், செய்து காட்டினார், விளையாடினார், பொறுப்பேற்றார். கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டியதைப் பங்கேற்பாகக் கணக்கிடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். மாதக் கடைசி வெள்ளியன்று மாலை, ஆசிரியர்கள் அனைவரும் இருபது நிமிடம் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்போம். கட்டம் எதுவும் நிரம்பாத பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். காலையில் வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டுத் தாமதமாக வருபவன். தமிழ்ப் பாடத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஜூன் மாத நோட்டில் அவனுக்கு நேரே ஒன்றுமில்லை. வானவில் மன்றத்தில் மிதத்தலும் அடர்த்தியும் பற்றிய செய்முறை வந்தபோது, அறிவியல் ஆசிரியர் அவனிடம் வீட்டிலிருக்கும் பால்மானியைக் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் கலந்த பாலில் பால்மானி ஆழமாக இறங்கும் என்று ஆசிரியர் செய்து காட்டினார். அப்போது அந்த மாணவன் எழுந்து, "இதை வச்சு ஏமாத்தலாம் சார். ஏட்டை எடுத்துட்டா மானி மேல வரும். அப்புறம் தண்ணி ஊத்துனா பழைய இடத்துலயே நிக்கும்" என்றான். கொழுப்பு நீங்கினால் பாலின் அடர்த்தி கூடும்; நீர் சேர்ந்தால் குறையும்; இரண்டும் சேர்ந்தால் கருவி ஏமாந்துவிடும். அதனால்தான் கொள்முதல் நிலையத்தில் கொழுப்பின் அளவையும் தனியே சோதிக்கிறார்கள். இத்தனையையும் வகுப்புக்கு விளக்கியவன் அவன்தான்.

அடுத்த வாரம் அவன் சொன்னதை அவனையே எழுத வைத்தார் தமிழாசிரியர். ஆறு வரி. பிழைகள் இருந்தன. ஆனால் தான் அறிந்த செய்தி என்பதால் திருத்தித் திருத்தி எழுதினான். இப்போது மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் வாசிப்புப் பயிற்சிக்குத் தானாக வந்து உட்காருகிறான். காலாண்டுத் தேர்வில் அவன் பெரிய மதிப்பெண் எடுத்துவிடவில்லை. விடைத்தாளை வெறுமையாகத் தரவில்லை. அதுவே இந்தப் பருவத்தில் அவன் ஏறிய படி.

அதே மாணவன், எண் தொடர், உருவத் தொடர் கணக்குகளில் முந்திக்கொண்டு விடை சொல்கிறான். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 வினாக்கள், படிப்பறிவுப் பகுதிக்கு 90 வினாக்கள். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பால் ஊற்றிப் படிக்கிற குடும்பத்துக்கு அது சிறு தொகை இல்லை. நன்றாகப் படிக்கிற நான்கு பேரை மட்டும் இத்தேர்வுக்குத் தயார்செய்யும் வழக்கத்தை மாற்றி, தகுதியுள்ள எல்லா எட்டாம் வகுப்பு மாணவர்களையும் பயிற்சியில் அமர்த்தியிருக்கிறோம்.

கோ-கோ வெற்றியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். களத்தில் ஒன்பது பேர் ஆடுகிறார்கள். அவர்களுக்கு எதிராக மாலைதோறும் ஆட இன்னும் ஒன்பது பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஒன்பதின் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அந்த ஒன்பதை நோட்டில் கட்டம் நிரம்பாத பெயர்களிலிருந்தே எடுத்தார். கோப்பை வந்த நாளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பதினெட்டுப் பேரையும் முன்னால் நிறுத்தினோம்.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் கைபிடித்து அழைத்து வருகிறது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. எங்கள் பக்கம் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால், தாய் வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்பாள். இரண்டு நாள், ஒரு வாரம் என்று நீளும். வருகைப் பதிவேடு அவள் வரவில்லை என்று மட்டும் சொல்லும். வந்த நாட்களிலும் அவளைப் பள்ளியோடு கட்டிவைக்க எதுவுமில்லை என்பதை இந்த நோட்டு சொல்லியது.

ஜூலை மாத இறுதியில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெயர்கள் அப்படித் தெரிந்தன. ஒரு மாணவி, ஒரு மாணவன். மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் போனார்கள். தலைவரும் ஒரு தாய்; அதே நடவுக்குப் போகிறவர். ஆசிரியர் சொல்வதைவிட அவர் சொன்னது எடுபட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, ஒன்பதில் நின்றால் இரண்டும் போய்விடும் என்று அவர் எடுத்துச் சொன்னார். கைக்குழந்தையை அங்கன்வாடியில் விட ஏற்பாடானது. அந்த மாணவி இப்போது வருகிறாள். நூலகப் புத்தகங்களை வழங்கித் திரும்பப் பெறும் பொறுப்பு அவளுடையது. வெள்ளிக்கிழமை அவள் வராவிட்டால் மற்ற பிள்ளைகளே தேடுகிறார்கள்.

மாணவன் இன்னும் வரவில்லை. வெளியூரில் உறவினரின் பட்டறையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தந்தையிடம் இருமுறை பேசியிருக்கிறோம். விடுமுறை முடிவதற்குள் மூன்றாம் முறையும் போவோம். அவன் பெயர் நோட்டில் அதே வரிசை எண்ணில் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும் என்று அறிவேன். இருக்கிற பதிவேடுகள் போதாதா, இன்னொன்றா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். இந்த நோட்டு எந்தப் பார்வையின்போதும் மேசைக்கு வராது. இதில் குறியிடுவதைத் தவிர விளக்கம் எழுதக் கூடாது. பிள்ளைகளிடம் இதைக் காட்டி ஒப்பிட்டுப் பேசக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று மீறப்பட்டாலும் கட்டத்தை நிரப்புவதற்காகக் கட்டம் நிரப்புவோம், பிள்ளை மறைந்துவிடுவான்.

எல்லாப் பிள்ளைகளும் மேடையில் பேச வேண்டும் என்பதும் நோக்கமில்லை. கூச்சமுள்ள பிள்ளையை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினால் அடுத்த நாள் அவன் வரமாட்டான். தினமும் மழைமானியின் அளவைக் கரும்பலகையில் எழுதுவதும் ஒரு கட்டம்தான். மதிய உணவு வரிசையை ஒழுங்கு செய்வதும் ஒரு கட்டம்தான்.

இரண்டாம் பருவத்தில் கலைத் திருவிழாவின் அடுத்த நிலைப் போட்டிகளும் உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சியும் நம் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வேகத்தில் அமைதியான பிள்ளைகள் பின்னுக்குப் போய்விடுவது எளிது. ஆகவே ஒரு வேண்டுகோள். பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரே ஒரு வகுப்பை, ஒன்பதாம் வகுப்பாக இருந்தால் நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இந்தப் பிள்ளை ஜூன் முதல் பள்ளியில் என்ன செய்தார் என்று ஒரு சொல் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பெயர்களே உங்கள் இரண்டாம் பருவத்தின் வேலைத்திட்டம்.