ஊர்த்தெருவில் படிக்காத கோரிக்கை

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சட்டமன்றத்துக்கு நிற்கிற ஒரு வேட்பாளர் தன் தொகுதி மக்களுக்காக எதை முதலில் வைக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. ஜெயிச்சவங்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் ஒரு தனித் தொகுதியில் சுயேச்சையா நின்னு டெபாசிட்டைப் பறிகொடுத்தவன். தோத்ததுல எனக்கு வெட்கம் இல்லை. அந்தத் தேர்தல்ல வெட்கப்பட வேண்டிய வேற ஒரு காரியம் செஞ்சேன். அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேச முடியும்.

எங்க தோழர்கள் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து ஒரு துண்டறிக்கை எழுதினாங்க. ஏழு கோரிக்கை. முதல் கோரிக்கை பஞ்சமி நிலம். இரண்டாவது சுடுகாட்டுப் பாதை. அப்புறம்தான் பஸ், ரேஷன் கடை, ஏரி தூர் வாருவது எல்லாம். சேரிகள்ல மைக்கைப் பிடிச்சு ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் படிச்சேன். ஊர்த்தெருவுக்குள்ள வண்டி நுழைஞ்சதும் வாய் தானா மூணாவது கோரிக்கையிலேர்ந்து ஆரம்பிச்சிடுச்சு. யாரும் என்னை மிரட்டல. யாரும் கல்லெறியல. நானாத்தான் விட்டேன்.

ஒரு கிராமத்துல, நடவு வேலைக்கு ஊர்ப்பக்கம் போயிருந்த ஒரு ஆயா ரெண்டு இடத்துலயும் நான் பேசினதைக் கேட்டிருக்காங்க. சாயங்காலம் சேரி முனையில என்னை நிறுத்தினாங்க. "ஏம்பா, காலைல நம்ம தெருவுல நெலத்தப் பத்திப் பேசினியே, அங்க ஏன் அத உட்டுட்ட?"

"அங்கயும் ஓட்டு வேணுமே ஆயா" என்றேன்.

"நெலம் அவங்க கையிலதான கீது. அத எங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று கேட்டுவிட்டு, தூக்குச்சட்டியோட நடந்து போயிட்டாங்க.

அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

என் கோழைத்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். முடித்தால் அது பாதி உண்மை. மீதியை 1932இல் தேட வேண்டும். தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை, வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்றார் அண்ணல் அம்பேத்கர். காந்தியின் உண்ணாவிரதம் அதைப் பறித்தது. செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். 71 இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. இன்றைக்குத் தமிழக சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 நமக்குத் தனித் தொகுதி. 2011 கணக்கெடுப்புப்படி மாநிலத்தில் நாம் 20 சதவீதம். பெரும்பாலான தனித் தொகுதிகளில் சேரி ஓட்டு பாதிக்கும் கீழே. ஆக, நிற்பவன் நம்ம ஆள், ஜெயிக்க வைக்கிறவன் ஊர்க்காரன். எந்த வேட்பாளரை ஊர் விரும்பும்? நிலத்தைப் பற்றிப் பேசாத வேட்பாளரைத்தான். யாரும் மிரட்டாமலே நான் வாயை மூடிக்கொண்டதன் ரகசியம் இது.

அப்படியானால் வழியே இல்லையா? இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன்.

ரெட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்க, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க, அரசு அலுவலகங்களுக்குள் நுழைய நம் மக்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அது அரசாணையாக வந்தது. அவர் நியமன உறுப்பினர். யாரிடமும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியதில்லை. எனவே பேச முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம்.

அம்பேத்கரைப் பாருங்கள். 1937இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு அவர் வந்தது பூனா ஒப்பந்தம் கொடுத்த அதே கூட்டுத் தொகுதி முறையில்தான். வந்த வருசமே, செப்டம்பர் 17ஆம் தேதி, கொங்கணப் பகுதியின் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் உட்கார்ந்து குடிவாரத்தைக் கறந்த இடைத்தரகு நிலவுடைமை அது. அதில் நசுங்கியவர்கள் மகர்கள் மட்டும் இல்லை, குன்பி குத்தகைதாரர்களும்தான். 1938 ஜனவரியில் இரண்டு சாதி விவசாயிகளும் சேர்ந்து பம்பாயில் ஊர்வலம் போனார்கள். மசோதா சட்டமாகவில்லை. ஆனாலும் நிலக் கோரிக்கையை ஊர்த்தெருவிலும் பேச முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஊரிலும் நிலம் இல்லாதவன் இருக்கிறான். அவனிடம் போய், 'உன் வறுமைக்குக் காரணம் சேரிக்காரன் வாங்குகிற சலுகை இல்லை, நிலத்தைக் குவித்து வைத்திருக்கிறவன்' என்று சொல்கிற தெம்பு எனக்கு அன்றைக்கு இல்லை.

இனி வரிசைக்கு வருகிறேன். நான் மறுபடியும் நின்றால் இந்த வரிசையை மாற்ற மாட்டேன்.

முதலில் நிலம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. முதல் பத்து ஆண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலமெல்லாம் எங்கே? 1994 அக்டோபரில் காரணையில் நம் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

சட்டமன்ற உறுப்பினர் பட்டா வழங்க முடியாது, அது வருவாய்த் துறை வேலை என்பார்கள். சரி. கேள்வி கேட்க முடியும் இல்லையா? கிராமம் கிராமமா, சர்வே எண் போட்டு, பழைய கணக்கில் 'டி.சி.' என்று இருந்த நிலம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டு மாறியது, மாற்றிய உத்தரவு எது? சபையில் கேட்டால் மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். பதில் அச்சில் ஏறும். அச்சில் ஏறினதை யாரும் அழிக்க முடியாது.

இரண்டாவது, சுடுகாடும் தண்ணீரும். செத்தவனைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பிலும் ஓடைத் தண்ணீரிலும் போகிற சேரிகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நமக்காக நிலம் எடுக்க 1978லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம் இருக்கு, கையெழுத்துப் போட ஆள் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளி ஆக்கியது போலீஸ். தண்ணீர் குடித்தவன் மேலேயே வழக்கு. இப்படி ஒரு இடத்துக்கு எத்தனை வேட்பாளர்கள் ஓட்டுக்காக இல்லாமல் போனார்கள்?

மூன்றாவது, பணம். மக்கள்தொகை விகிதப்படி நமக்குத் திட்ட நிதியில் பங்கு ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. பல வருசம் அது காகிதத்தில் நம் பங்கு, செலவில் எல்லாருக்கும் பொது. ஆந்திராவும் கர்நாடகமும் 2013இலேயே இதற்குச் சட்டம் போட்டன. தமிழ்நாட்டில் 2024இல்தான் வந்தது. சட்டம் வந்ததே முடிவு என்று தூங்கிவிடக் கூடாது. என் தொகுதிக்கு வந்தது எவ்வளவு, எந்தச் சேரியில் எந்த வேலைக்குச் செலவானது என்று வருசத்துக்கு ஒரு தடவை சேரி நடுவில் நின்று படித்துக் காட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கிறவருக்கே ஓட்டு.

நான்காவதை மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். 1989 வன்கொடுமைச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதன்படி மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு. தலைவர் கலெக்டர். மாவட்டத்து எம்.எல்.ஏ.க்கள் எல்லாம் அதில் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். எந்த வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை, யாருக்கு நிவாரணம் போகவில்லை என்று எஸ்.பி.யை உட்காரவைத்துக் கேட்கிற இடம் அது. மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில் ஒரு குழு, ஆண்டுக்கு இரண்டு முறை. தலித் எம்.எல்.ஏ. எல்லோரும் அதில் உறுப்பினர். உங்க எம்.எல்.ஏ. எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்று கேட்டிருக்கிறீர்களா? கல்யாண வீட்டுக்கு வந்தாரா, சாவுக்கு மாலை போட்டாரா என்று கேட்கிறோம். இதைக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

ஐந்தாவது, பஞ்சாயத்து நாற்காலி. 1997 ஜூன் 30இல் மேலவளவில் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லேர்ந்து பத்து வருசம் நம்ம ஆள் தலைவராக உட்கார விடவில்லை. 2006இல்தான் முடிந்தது. 2020லேயும் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். எம்.எல்.ஏ.வுக்கு இதில் என்ன வேலை? ஜெயித்த முதல் மாதத்தில் தொகுதியின் ஒவ்வொரு தலித் தலைவர் அலுவலகத்துக்கும் போய், அவரை அவர் நாற்காலியில் உட்காரவைத்து, தான் எதிரில் உட்கார்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு வார்த்தை. சேரியில் பெரிய தெரு, சின்னத் தெரு இருக்கிறது. அருந்ததியர் தெருவுக்குக் கடைசியில் போய், முதலில் கிளம்பி வருகிற வேட்பாளர்கள் நம்மிலும் உண்டு. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டை முணுமுணுத்தவர்களும் உண்டு. ஊர் நமக்குச் செய்வதை நாம் அவர்களுக்குச் செய்துவிட்டு விடுதலை பேச முடியாது. பெண்களைக் கேட்காமல் கோரிக்கை எழுதவும் கூடாது. என் துண்டறிக்கையை எழுதின ஆறு பேரும் ஆம்பளைங்க. அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது யார்? நடவுக்குப் போன ஒரு பெண்.

எதை எழுத வேண்டாம் என்றும் சொல்கிறேன். அலங்கார வளைவு வேண்டாம். யாரும் கூடாத சமுதாயக் கூடம் வேண்டாம். இது எல்லாம் கான்ட்ராக்டருக்கான கோரிக்கை.

உங்களுக்கு ஒரே வேலை கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு கிராமம் எடுங்க. 'அ' பதிவேட்டு நகல் வாங்குங்க. பழைய கணக்கோட ஒப்பிட்டு, பெயர் மாறின சர்வே எண்களை ஒரு தாளில் எழுதுங்க. அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி வேட்பாளர் சேரிக்கு வந்தாலும், நம்ம ஆளா இருந்தாலும், மாலை போடாதீங்க. அந்தத் தாளைக் கையில் கொடுத்து, "வாங்க, ஊர்த்தெருவுல போய் இதைப் படிங்க, நாங்களும் கூட நிக்கிறோம்"னு கூட்டிக்கிட்டுப் போங்க. தனியா நின்னா நான் பயந்த மாதிரி அவரும் பயப்படுவார். நூறு பேர் கூட நின்னா அவர் வாய் முதல் கோரிக்கையிலேர்ந்து ஆரம்பிக்கும்.

அப்படியும் படிக்க மறுக்கிறவருக்கு நம்ம ஓட்டு எதுக்கு?

ஜெய் பீம்.