அலை அறுந்தால் மோட்டார் நிற்கட்டும்



நம் பிள்ளைகள் வானொலி அலையால் இயங்கும் சிறு படகைத் தாமே செய்ய முனைந்தால், வீண் விளையாட்டென்று நாம் தடுத்தலாகாது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பலகை, அவர்கள் எழுதித் தரும் கட்டளைப்படியே படகைச் செலுத்தும்.

கைக்கருவி அனுப்பும் அலையைப் படகிலுள்ள வாங்கி பெற்று, வினாடிக்கு ஏறத்தாழ 50 மின்துடிப்புகளாகப் பலகைக்குத் தருகிறது. துடிப்பு 1.5 மில்லிவினாடி நீடித்தால் சுக்கான் நடுவில் நிற்கும். குறைந்தால் ஒருபுறமும் கூடினால் மறுபுறமும் திரும்பும்.

அலை அறுந்தால் மோட்டார் நிற்கவேண்டும் என்பதே முதற்கட்டளையாதல் வேண்டும். சுழலும் இறக்கை பிஞ்சு விரலை வெட்டிவிடும். ஆகவே, இறக்கையைக் கழற்றிவிட்டுக் கைக்கருவியை அணைத்துச் சோதிப்போம். மோட்டார் நின்றால் மட்டுமே படகைக் குட்டையில் விடுவோம்.