கர்ப்பிணிகளின் நெஞ்செரிச்சல்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

(நமது ஜமாஅத் நடத்திய மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நெஞ்செரிச்சலுக்கு ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டு காரணங்களால் இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம். கர்ப்பிணிகளின் உணவையும் உறக்கத்தையும் மாதக்கணக்கில் கெடுக்கும் இத்தொல்லையை எளிதில் குறைக்க முடியும் என்பது ஒன்று. நெஞ்செரிச்சல்தான் என்று எண்ணிக்கொண்டு, உயிருக்கே ஆபத்தான வேறொரு நோயை நாம் கவனியாது விட்டுவிடுகிறோம் என்பது மற்றொன்று. கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருபவர்களும், மருத்துவமனைக்குச் செல்லலாமா என்று முடிவு செய்பவர்களும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே அவர்களும் இதனைச் செவியேற்க வேண்டும்.

முதலில் இது ஏன் வருகிறது எனப் பார்ப்போம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. உண்ட உணவும் அமிலமும் மேலேறாமல் காப்பது அதுவே. கர்ப்ப காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அத்தசையைத் தளர்த்திவிடுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல, வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கி அழுத்துகிறது. இவ்விரண்டாலும் அமிலம் மேலேறி நெஞ்சை எரிக்கிறது. புளியேப்பமும் எதுக்களிப்பும் உண்டாகின்றன. கடைசி மூன்று மாதங்களில் இது மிகும். குழந்தை பிறந்தபின் பெரும்பாலோருக்குத் தானே நீங்கிவிடும். ஆகவே இது தாயின் குற்றமுமன்று, குழந்தைக்குக் கேடுமன்று.

இதற்கான முதல் மருந்து நம் அடுப்படியிலேயே இருக்கிறது. "இரண்டு உயிருக்கு உண்ண வேண்டும்" என்று கூறி, உம்மாமார்களும் மாமிமார்களும் அன்போடு தட்டை நிரப்புகிறார்கள். நிரம்பிய இரைப்பையே எரிச்சலின் தொடக்கம். மூன்று வேளை வயிறு புடைக்க உண்பதை விட, அதே உணவை ஐந்தாறு முறையாகப் பிரித்து உண்பது நன்று. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் முன்னோர் சொன்னது இங்கே மிகவும் பொருந்தும். எண்ணெயில் பொரித்தவை, நெய் மிகுந்த பிரியாணி, காரக் குழம்பு, புளிப்பு, காபி, தேநீர் ஆகியவை பலருக்கு எரிச்சலைத் தூண்டும். எனினும் எல்லாருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. எதனை உண்டால் எரிகிறது என்று கவனித்து அதனை மட்டும் விலக்கினால் போதும். எரிச்சலுக்கு அஞ்சி உணவையே குறைத்துவிடக் கூடாது.

அடுத்தது படுக்கை. பின்னிரவில் கனமாக உண்டு உடனே படுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே உறுதியான மரக்கட்டைகளை வைத்து ஆறு அங்குலம் உயர்த்தலாம். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்குமேயன்றி உடல் உயராது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும்.

இவற்றால் தீராவிடில் மருந்து உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு ஏற்ற அமிலமுறிவு மருந்துகளும், தேவைப்பட்டால் அவற்றினும் வலிமையான மாத்திரைகளும் மருத்துவர்களிடம் இருக்கின்றன. ஆனால் மெடிக்கல் கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டு வாங்குவதும், வீட்டில் மற்றவருக்கு எழுதிக் கொடுத்ததை எடுத்து விழுங்குவதும் கூடவே கூடாது. வயிற்றுப் புண் வராமல் தடுக்கத் தரப்படும் மிசோப்ரோஸ்டால் என்னும் மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்து கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் நம் வீடுகளில் புழங்கிய ரானிடிடின் மாத்திரையைத் திரும்பப் பெறுமாறு, அதில் காணப்பட்ட மாசின் காரணமாக, 2020ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோரியது. சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பதும் கர்ப்பிணிகளுக்கு நல்லதன்று. மற்றொன்றையும் நினைவில் கொள்க: அமிலமுறிவு மருந்தையும் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒருசேர உண்டால் இரும்புச்சத்து உடலில் சரிவரச் சேராது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

ரமலான் மாதத்தில் இத்தொல்லை கூடுதலாகும். பகலெல்லாம் வெறுவயிறு, நோன்பு திறந்தவுடன் வடையும் சமோசாவும், சஹர் செய்தவுடன் உறக்கம் என்றால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? நோன்பு தமக்கோ குழந்தைக்கோ தீங்காகும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. கழா, ஃபித்யா பற்றி மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு உண்டு. அதனை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிக. உடல்நிலையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிக. நோன்பு நோற்பவர்கள் பேரீச்சம்பழம், தண்ணீர், காரமில்லாத கஞ்சி என்று தொடங்கிச் சற்று இடைவெளி விட்டு உண்பது நலம்.

இனி, இவ்வுரையின் முதன்மையான செய்திக்கு வருகிறோம். எங்கள் குடும்பத்து மருமகள் ஒருவர் எட்டாம் மாதத்தில் இருந்தபோது, ஒரு வலீமா விருந்துக்குச் சென்று வந்த இரவு, மேல்வயிறு வலிக்கிறது என்றார். நெய்ச்சோறு செய்த வேலை என்று நாங்கள் அனைவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். சோடா வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் தலை வலித்தது; "கண் மங்குகிறது" என்றார். அதன் பின்னரே மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் 170/110 இருந்தது. உடனே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் எடை குறைந்த அக்குழந்தை பல நாள்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தது. இழந்த அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எங்கள் மனம் கலங்குகிறது.

அந்நோயின் பெயர் பிரீ எக்லாம்ப்சியா. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளைப் பாதிக்கும் நோய் அது. கல்லீரல் பாதிக்கப்படும்போது வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ மேல்வயிற்றின் நடுவிலோ வலி உண்டாகும். அதுவே நெஞ்செரிச்சல் போலத் தோன்றி ஏமாற்றுகிறது. மேல்வயிற்றில் விடாத கடும் வலி, கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனை செல்ல வேண்டும். இரவாயினும் 108 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். பிரசவத்திற்குப் பின்னரும் சில வாரங்கள் வரை இந்நோய் வரலாம். இரத்த வாந்தி, விழுங்க இயலாமை, மூச்சுத் திணறலுடன் கூடிய நெஞ்சுவலி ஆகியவையும் உடனே கவனிக்கத்தக்கவை.

சகோதரிகளே! வலியைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சகோதரர்களே! சொல்லப்பட்ட வலியை அற்பமாக எண்ணாதீர்கள். மாதந்தோறும் நடக்கும் பரிசோதனையைத் தவற விடாமல், இரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீங்களே கேட்டு அட்டையில் குறித்து வாருங்கள். எரிச்சலா ஆபத்தா என்று ஐயம் எழுந்தால் அதனைத் தீர்க்க வேண்டியவர் மருத்துவரேயன்றி நாமல்லர்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கும் பிறக்கவிருக்கும் மழலைகளுக்கும் நல்ல உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.