ஓடுகிறது என்பதற்காக விட்டுவிடலாமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் படித்த காலத்தில் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் லேபுக்குள் போகவேண்டும். உள்ளே ஏ.சி. இருக்கும், அதற்காகவே அடிக்கடி போவோம். கிளம்பும்போது லேப் அண்ணன் தவறாமல் ஒன்று சொல்வார்: "ஃப்ளாப்பியை உள்ளேயே விட்டுட்டுப் போகாதீங்கடா!" ஃப்ளாப்பி வழியாக வைரஸ் பரவிய காலம் அது. அந்த ஒரு வார்த்தையை மறந்ததால் எனக்கு வந்த வினையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்து வந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு உதவியாளரும்தான்! சம்பளம், பஞ்சுக் கொள்முதல், நூல் விற்பனை அத்தனையும் ஒரே சர்வரில். அதில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2003. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த ஆதரவு 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு முடிந்தது. மாற்ற வேண்டும் என்று எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"ஏந்தம்பி, நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்கு மாத்தோணும்?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அவருடைய மெஷின்கள் எண்ணெய் போட்டால் பல வருஷம் ஓடுபவை. எனக்குத்தான் அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்வேன். மெஷின் தேய்ந்து கெடும்; சாஃப்ட்வேர் தேய்வதில்லை. ஆனால் எழுதிய நாளிலேயே அதில் ஓட்டைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகப் பிறகு வெளியே தெரியவருகின்றன. ஆதரவு உள்ளவரை கம்பெனி பேட்ச் அனுப்பி அடைக்கும். ஆதரவு முடிந்தபின் தெரியவரும் ஓட்டை திறந்தே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. புதுப் பதிப்புக்கு வரும் பேட்சைப் பிரித்துப் பார்த்தே, பழைய பதிப்பில் ஓட்டை எங்கே என்று திருடன் தெரிந்துகொள்கிறான்!

2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. அது புகுந்த ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வந்துவிட்டது. அதிகம் அடிபட்டதும் அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-தான். ஆக, வந்த பேட்சைப் போடாதவனும் ஆதரவு முடிந்தவனும் ஒன்றுதான். சர்வர் 2003-க்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச் தந்தார்கள். ஆனால் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் தந்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் என் முறை வந்தது. சாஃப்ட்வேர் போட்டுத் தந்தவர்கள் வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தன. மறுநாள் சம்பளம். பேக்கப் இருக்கிறதே என்று தெம்பாகப் போனேன். பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க் மாதக்கணக்காக அதே சர்வரில் சொருகியபடி இருந்தது. அதுவும் பூட்டிவிட்டது! லேப் அண்ணன் குரல் காதில் கேட்டது.

கணக்கர் ஐயா ஒருவர் மாதாமாதம் சம்பளப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து பைண்டு பண்ணி வைப்பார். நாங்கள் அவரைக் கேலி செய்வோம். அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. நாலு இரவு உட்கார்ந்து அதைப் பார்த்து டைப் செய்தோம். சம்பளம் ஐந்து நாள் தாமதம். வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா, "ஏனுங் தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப்போனா எங்க கூலியும் கெட்டுப்போகுமுங்களா?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதலாளி மாற்றவில்லை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நான் எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மாற்றப் பணம் இல்லாவிட்டாலும், காசில்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ இருந்தன.

எந்த சர்வரில் என்ன ஓடுகிறது, அதற்கு ஆதரவு என்று முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்வர் 2008-க்கு 2020 ஜனவரி 14, சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10, லினக்ஸில் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 என்று தேதிகள் வரிசையாகப் போய்விட்டன. காசு கட்டினால் சில பதிப்புகளுக்குக் கூடுதல் காலம் பேட்ச் கிடைக்கும். அது தவணை வாங்குவதுதான், தீர்வல்ல.

பழைய சர்வரை இன்டர்நெட்டிலிருந்து பிரியுங்கள். அதில் ஈமெயில் பார்க்காதீர்கள். எந்தெந்தக் கம்ப்யூட்டர் அதனோடு பேசலாம் என்று ஃபயர்வாலில் வரையறுங்கள். வான்னாக்ரை புகுந்த எஸ்எம்பி முதல் பதிப்பைத் தேவையில்லாத இடத்தில் அணைத்துவிடுங்கள். பேக்கப் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றுங்கள். ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்ல. தாக்குதல் நடந்தால் மறைக்காதீர்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் இட்ட உத்தரவு, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்கிறது.

இவையெல்லாம் செய்தாலும் அந்தச் சர்வர் ஒருநாள் போய்த்தான் ஆகவேண்டும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்திலும் ஒரு மூலையில் பழைய பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் காட்டித் தரமாட்டார்கள். நீங்களே தேடிப் பாருங்கள். அதன் பின்னால் யாருடைய சம்பளம் இருக்கிறது என்று கேளுங்கள்.

லேப் அண்ணனுக்கு, முப்பது வருஷம் தாமதமாக, என் நன்றி.