பதிவில் இல்லாதது கணக்கில் வராது

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் மூத்த குடிமக்கள் அமர்வில் பேசியது. நேரமின்மையால் அன்று விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



நான் பி.காம். படித்து, வங்கியில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரம் படித்தவன் அல்ல. "பழைய கதையெல்லாம் நீங்கள்தான் நன்றாகப் பேசுவீர்கள்" என்று செயலாளர் என்னை இங்கே நிறுத்திவிட்டார். ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்து வங்கியில் கவுண்டர் மூடியதும் நாங்கள் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். பத்து ரூபாய் இடித்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சில நாள் ஒரு வாடிக்கையாளர் வந்து, "சார், நான் பணம் கட்டினேன்" என்று சத்தியம் செய்வார். அவர் முகத்தைப் பார்த்தாலே உண்மை என்று தெரியும். ஆனால் செலான் இல்லை, லெட்ஜரில் பதிவு இல்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? நடந்தது நடந்ததுதான். ஆனாலும் பதிவில் இல்லாதது கணக்கில் வராது.

மனிதர்களின் ஞாபகமும் அப்படித்தான். அதிலும் யுத்த காலத்து ஞாபகம்.

முதலில் பதிவான ஒரு கதை. வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளையை "எம்டன்" என்று சொல்கிறோம் இல்லையா? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்களும் போயின. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதில் சுவரில் இருக்கிறது. பத்திரிகைச் செய்தி இருக்கிறது, அரசாங்கக் கோப்பு இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் நமக்குத் தேதி, நேரம் எல்லாம் தெரிகிறது.

அதே எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்றும் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வரலாற்று ஆய்வாளர்கள் அதற்கு ஆவணச் சான்று இல்லை என்கிறார்கள். கேட்ட கதை எது, சான்று உள்ள செய்தி எது என்று பிரித்துப் பார்க்க முடிவதே பதிவு இருப்பதால்தான்.

இப்போது பதிவு குறைவான கதைக்கு வருகிறேன். அது 1942.

அந்த வருடம் ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. கட்டாய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் பல உள்ளூர்களுக்கு மாறின. அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரில் இருந்த அரசு ஆவணங்களைக்கூட பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தூர் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கவனியுங்கள், அந்த நெருக்கடியிலும் காகிதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பெரிய செய்திகள் இப்படிக் கிடைக்கின்றன. ஆனால் திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் என்ன நடந்தது என்று எந்தக் கோப்பில் இருக்கும்?

என் அம்மாவுக்கு அப்போது பத்து வயது. "வருஷப் பிறப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பச்சடிக்கு வேப்பம்பூ உலர்த்தி வைத்திருந்தோம். அதை முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடினோம்" என்பார். அம்மா சொன்னதில் தேதி கிடையாது, மாதம் கிடையாது. ஆனால் அந்த வேப்பம்பூ போதும். தமிழ் வருடப் பிறப்பு ஏப்ரல் நடுவில். அதற்கு ஒரு வாரம் முன்பு என்றால் விசாகப்பட்டினத்துச் செய்தி வந்த சமயம். அம்மாவின் ஞாபகமும் சரித்திரமும் டாலி ஆகின்றன.

எழும்பூரில் ரயிலுக்குள் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார்களாம். அம்மாவும் பாட்டியும் குழந்தைகளும் திருவையாறு போய்ச் சேர்ந்தார்கள். தாத்தா மட்டும் வேலைக்காகப் பட்டணத்திலேயே இருந்தார். வாரம் ஒரு கார்டு போடுவார். அவற்றைப் பாட்டி கட்டி வைத்து, அம்மா பாதுகாத்து, என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியில் வந்து சேர்ந்தன. நான் என்ன செய்தேன்? கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். "ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம்."

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நாங்கள் வேறு இடத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது கார்டுகள் இருந்தன, எழுத்து இல்லை. மை முழுக்கக் கரைந்துவிட்டது. ஒரே ஒரு கார்டைப் படிக்க முடிந்தது. அதைத் தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார். வாசல் விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியாயிற்று, கிணற்றடித் தென்னங்கன்றுக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன், குழந்தைகளை ஆற்றுக்கு அனுப்பாதே. இவ்வளவுதான் விஷயம். ஆனால் குண்டு விழும் என்று ஊர் காலியான நேரத்தில் ஒரு மனிதர் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். படித்துக் காட்டினேன். "மீதியில் என்னடா இருந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்களுக்கு ஒரு கார்டாவது மிஞ்சியது. பெயர்கூட மிஞ்சாதவர்கள் உண்டு.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் 1942-43-ல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். "மரண ரயில்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். கைதிகளில் சிலர், இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் திருட்டுத்தனமாக எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பட்டியல்களைக் கொண்டு காட்டில் கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளைக் கொண்ட மயானம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது.

அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்களும், பர்மியரும், மலாய்க்காரரும், ஜாவாக்காரரும் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். எத்தனை பேர்? ஒருவர் எழுபதாயிரம் என்கிறார், இன்னொருவர் தொண்ணூறாயிரம், லட்சத்துக்கு மேல் என்பவரும் உண்டு. பத்து ரூபாய்க்காக ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்த எனக்கு, வித்தியாசம் ஆயிரக்கணக்கான மனிதர்கள் என்பதை ஏற்கவே முடியவில்லை. அவர்களுக்கு லெட்ஜர் எழுத ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

இது எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். நம் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது பிளாக்கில் இருந்த பெரியவரை உங்களில் பலருக்குத் தெரியும். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின், பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். நம் பெரியவரும் எட்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். வழியில் காய்ச்சலில் போன அக்காவைப் பற்றிச் சொன்னார். அவரை அடக்கம் செய்த ஊரின் பெயரையும் சொன்னார். "ஒரு நாள் போனில் ரிக்கார்டு பண்ணிக்கிறேன் சார்" என்றேன். "தாராளமா வாங்க, நான் எங்கே போகப் போறேன்" என்றார். முதலில் எனக்குக் கண் ஆபரேஷன், பிறகு பேரனுக்குப் பரீட்சை, பிறகு மழை. மார்கழியில் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்தபின் அவர் மகனிடம் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டேன். "அப்பாவுக்கு அக்கா ஒருத்தங்க இருந்தாங்களா சார்?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அந்த ஊர்ப் பெயர் எனக்கு இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை.

1942-ல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அவர்களோடு முடிகிற விஷயமும் இல்லை இது. 1962, 1965, 1971 போர்களைப் பார்த்த முன்னாள் படைவீரர்கள் நம்மிடையே இருக்கலாம். அவர் எல்லையில் இருந்தபோது கடிதத்துக்குக் காத்திருந்த மனைவி இருக்கலாம். இலங்கையில் இருந்து வந்த குடும்பம் இருக்கலாம். எல்லாருடைய ஞாபகமும் வேண்டும்.

எப்படிச் செய்வது? நான் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். தடுமாறுவார்கள். "உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலா? தம்பி பிறந்தாச்சா? தீபாவளி வந்ததா?" என்று கேளுங்கள். தேதியை நாம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். போனை அவர் பக்கத்தில் வைத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அழுதால் நிறுத்துங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எழுதும்போது இரண்டு பத்தி போடுங்கள், பற்று வரவு மாதிரி. அவரே கண்டது ஒரு பக்கம், பிறர் சொல்லிக் கேட்டது மறு பக்கம். இரண்டும் வேண்டும், ஆனால் கலக்கக் கூடாது.

பழைய போட்டோவின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். லாமினேஷன், செல்லோ டேப், குண்டூசி எதுவும் வேண்டாம். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரதி ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் சாம்பலாயின.

கடைசியாக, கையெழுத்து. யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம் என்று சொன்னவரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். வீட்டாருக்கு மட்டும் என்றால் வீட்டாருக்கு மட்டும்தான். ஒரிஜினல் காகிதம், படம் எதையும் சங்கம் வாங்கி வைத்துக்கொள்ளாது. ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தந்துவிடும்.

சாதாரண ஜனங்களால் இது ஆகுமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பி.பி.சி. 2003 முதல் 2006 வரை பொதுமக்களிடம் போர்க்கால நினைவுகளைக் கேட்டது. 47,000 கதைகள் வந்தன. கம்ப்யூட்டர் தெரியாத முதியவர்களுக்கு நூலகங்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அதுதான் இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

நம் சங்க அலுவலகத்தில் பராமரிப்பு ரசீதுகளுக்குப் பன்னிரண்டு ஃபைல் இருக்கிறது. லிஃப்ட் ரிப்பேருக்குத் தனி ஃபைல். பதின்மூன்றாவதாக ஒரு ஃபைல் திறக்கச் செயற்குழு சம்மதித்துவிட்டது. ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நான் சமுதாயக் கூடத்தில் இருப்பேன். ஸ்கேனர் கொண்டுவர ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழே வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் நானே வீட்டுக்கு வருகிறேன்.

காத்திருக்க வேண்டாம் என்பவர்கள் இன்று ராத்திரியே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை விட்டுவிட்டு வந்தீர்கள்?" பதிலைப் பென்சிலால் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

முதல் பதிவை நானே போட்டுவிட்டேன். தாத்தாவின் அந்தப் பென்சில் கார்டு. இரண்டாவது பக்கத்தில், ரங்கூனில் இருந்து நடந்துவந்த ஒரு குடும்பம், வழியில் ஒரு பெண் என்று எழுதி, ஊர்ப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது அவர் அதைச் சொல்லியிருந்தால் தயவுசெய்து வந்து நிரப்புங்கள்.