வீட்டில் உட்கொள்ளும் புற்றுநோய் மாத்திரைகள்

(புக்கிட் பாத்தோக்கில் நிகழ்த்திய உரை)



புற்றுநோய்க்கு ஊசி மருந்து மட்டுமே உண்டு என்பது பழைய எண்ணம். இன்று பல மருந்துகள் மாத்திரைகளாகவே கிடைக்கின்றன. குருதிப் புற்றுநோய் வகையொன்றுக்குரிய இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குக் கேப்பசிட்டபின் வழங்கப்படுகிறது.

மருத்துவமனையில் தாதியர் செய்துவந்த கண்காணிப்பு இதனால் வீட்டாரின் பொறுப்பாகிறது. ஆதலின் மருந்தைப் போலவே அதைப் பற்றிய செய்தியும் இன்றியமையாதது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. “தமிழில் விளக்குங்கள்” என்று மருந்தாளரைக் கேட்கக் கூச்சம் வேண்டா.

கேப்பசிட்டபினை வழக்கமாக 14 நாள் உண்டு, 7 நாள் நிறுத்துவர். சீவிய பால்மரத்திற்கு ஓய்வளிப்பது போன்றதே இது. நல்ல உயிரணுக்கள் அந்நாள்களில் தேறுகின்றன. ஓய்வு நாளில் விழுங்குதல் கேடு விளைக்கும். உணவுண்ட 30 நிமிடத்திற்குள் அதை உட்கொள்ள வேண்டும். தவறிய வேளைக்கு ஈடாக இருமடங்கு உண்ணலாகாது. மாத்திரையை நசுக்கலாகாது, எடுத்துக் கொடுப்போர் கையுறை அணிக. நாட்டு மருந்து உண்டால் அதனையும் மறைக்காது கூறுக.

உடல்வெப்பம் 38 பாகையை எட்டினாலோ, கடும் வயிற்றுப்போக்கு கண்டாலோ, விடியும்வரை காத்திராது மருத்துவமனையை நாடுக.

மருந்தைப் பெறும்போதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு? எப்போது? எத்தனை நாள்? எதனுடன் உண்ணலாகாது? இடர் வந்தால் யாரை அழைப்பது? விடைகளைத் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள அனைவரும் காணுமாறு சுவரில் ஒட்டி வையுங்கள். அத்தாள் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.